லயத்துக் கூரையிலிருந்து விழாத மனிதர்

பிள்ளைகளே, பாஸ் வீட்டுக் கல்யாணத்துக்குத் தோட்டத்துச் சனமே உடுத்திக்கொண்டு போனபோது நாம் மட்டும் ஏன் வீட்டில் இருந்தோம் என்று கேட்டீர்கள். சின்னவள், "நம்மளக் கூப்பிடலையாப்பா?" என்றாள். கூப்பிட்டார்கள். எல்லா வீட்டுக்கும் வைத்த மாதிரி நமக்கும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் கூப்பிட்டார்கள். நான்தான் போகவில்லை. அன்றைக்கு நான் உங்களுக்குப் பதில் சொல்லாததற்குக் காரணம், இந்தக் கதையை வாயால் சொன்னால் எனக்குச் சத்தம் கூடிவிடும், ஒரே சுவரில் வரிசையாகக் கட்டின லயம், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

பாஸ் என்று நாம் சொல்கிற ஆள் கம்பனிக்கும் நமக்கும் நடுவில் நிற்கிறவர். கட்டடக் கம்பனி அவரிடம் ஆள் கேட்கும். அவர் லயம் லயமாகப் போன் போட்டுச் சேர்ப்பார். மேசன், கையாள், கம்பி கட்டுகிறவன் எல்லாரும் பாஸ் கூட்டிவந்த ஆட்கள். கம்பனிக்காரருக்கு நம் முகம் தெரியாது, பேர் தெரியாது. பாஸும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவருடைய அம்மாவும் என்னுடைய அம்மாவும் இதே நமுனுகுல மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது. ஊர் பேர் தெரியாத ஒருவன் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நீங்கள் மேல் லயத்து மாமா என்று கூப்பிடுகிறவரும் நானும் அந்த பாஸிடம்தான் வருஷக்கணக்கில் வேலை செய்தோம். கடைசியாகச் செய்தது ஹல்துமுல்லையில் ஒரு ஹோட்டல். கொழும்பு ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தைப் பார்த்த மாதிரி மாடி மேல் மாடி. ரோட்டிலிருந்து பார்த்தால் சின்னக் கட்டடம். பள்ளத்துப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். வெளிச் சுவருக்குப் பூச்சுப் பூசுகிற வேலை எங்களுக்கு. அந்த ஊர்க் காற்று சும்மா வீசாது, ஆளைத் தள்ளும். காலையில் கீழேயிருந்து மூட்டம் ஏறிவந்தால் நிற்கிற பலகை தெரியும், அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது.

அந்த உயரத்தில் சாரத்தின் மேல் நாங்கள் ரப்பர் செருப்போடு நின்றோம். இடுப்பில் ஒன்றும் இல்லை.

பெல்ட் இல்லாமல் இல்லை. ஸ்டோரில் இருந்தது. கம்பனிப் பெரியவர்கள் யாராவது வருகிற அன்றைக்கு வெளியே வரும், அவர்கள் வண்டி திரும்பினதும் உள்ளே போகும். மற்ற நாளில் கேட்டால் பாஸ் ஒரு பேச்சு வைத்திருந்தார்.

"ஒங்களுக்கெல்லாம் ஆட்டுக்கால்டா. மேட்டுலயே பொறந்து மேட்டுலயே நடந்த பயலுக. கொழும்புல இருந்து வர்றவனுக்குத்தான் பெல்ட்டு."

"ஆட்டுக்கால்னு சொல்லிச் சொல்லி ஒருநா எங்களச் சூப்பு வச்சிராதீங்க பாஸ்" என்று மாமா சொல்வார். எல்லாரும் சிரிப்போம்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பாஸ் அதைச் சொல்லும்போது எங்களுக்குப் பிடித்திருந்தது. தோட்டத்து ஆளைப் பற்றி வெளியில் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லி எத்தனை காலம்! ஆட்டுக்கால் என்றால் அது எங்களுக்கு மெடல் குத்திய மாதிரி. ஒரு தரம் கம்பனி இன்ஜினியர் ஒருவர் மேலே பார்த்து, "இவர்களுக்குப் பெல்ட் இல்லையா?" என்று கேட்டார். பாஸ், "தோட்டத்து ஆளுங்க சார், பெல்ட் போட்டாத்தான் தடுக்கி விழுவாங்க" என்றார். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சாரத்தில் நின்ற ஆட்கள் அவருக்குக் காட்டுவதற்காகவே ஒரு கையை விட்டுவிட்டுப் பூசினார்கள்.

வயரிங் வேலைக்கு மஹியங்கனைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களத் தம்பி வந்திருந்தார். அவர் சொந்தமாகப் பெல்ட் கொண்டுவந்து, இடுப்பில் மாட்டி, கொக்கியைத் தூணோடு கட்டிக்கொண்டுதான் வேலையே தொடங்குவார். மாமாவுக்கு அவர்தான் பொழுதுபோக்கு. தம்பிக்கு மல்லி என்று போட்டு அரைச் சிங்களத்தில் கத்துவார்: "என்ன மல்லி, தாலி கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா? மாப்பிள்ள யாரு, அந்தத் தூணா?"

அந்தத் தம்பியும் சிரிப்பார். "தூண் என்னை விட்டுட்டுப் போகாது அண்ணே. உங்களை யார் பிடிச்சிருக்கா?" என்று சிங்களத்தில் திருப்பிக் கேட்பார்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், பலகையெல்லாம் பாசி பிடித்து வழுக்கிய சமயம், நான் பாஸிடம் போய்க் கேட்டேன். பெல்ட் தராவிட்டால் போகிறது, பிடித்துக்கொள்ளச் சாரத்தின் ஓரத்தில் ஒரு கயிறாவது இழுத்துக் கட்டுவோம் என்றேன். அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஒங்கம்மா இந்தச் சரிவு மாதிரி மலையில கூடையத் தலையில மாட்டிக்கிட்டுக் கொழுந்து எடுத்துச்சே, யாருடா கயிறு கட்டிவிட்டா?"

சாரம் முழுக்கச் சிரிப்பு. மாமா சிரித்ததுதான் உரக்கக் கேட்டது.

எங்களுடைய அம்மாக்களுக்கு யாரும் கயிறு கட்டவில்லை என்பது உண்மைதான். அவர்களில் எத்தனை பேர் கூடையோடு உருண்டு இடுப்பு ஒடிந்து, முறையிடாமல் மறுபடி காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்து நின்றார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்குச் செய்த அநியாயத்தை எடுத்து எங்களுக்கு நியாயமாகக் காட்டுகிற வாயை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

விழுந்தது ஒரு காலை நேரம். மாமா எனக்கு அடுத்த தட்டில் நின்றார். சாந்து அள்ளி வைத்த தாச்சிச் சட்டியை எட்டி எடுக்கச் சாய்ந்தார். பலகை நுனி கம்பை விட்டு நழுவியது. அவர் கத்தவில்லை. தாச்சி கல்லில் விழுந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் நின்ற இடத்தில் மூட்டம்.

கீழே மண் சரியாமல் கட்டின கருங்கல் அணையின் மேல் கிடந்தார். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. "மச்சான், காலு இருக்காடா?" என்று என்னைக் கேட்டார். இருக்கு என்றேன்.

பாஸ் ஓடிவந்தார். ஓடிவந்தவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"மொதல்ல அந்த ஜாக்கெட்டக் கழட்டுங்கடா!"

முதுகில் கம்பனிப் பேர் அடித்த ஆரஞ்சு ஜாக்கெட். மூச்சு விடட்டும் என்றுதான் சொல்கிறார் என்று நினைத்து நானே கழற்றப் போனேன். கையைத் தூக்கினால் அவர் வலியில் துடிக்கிறார். பாஸ் கத்தியால் கிழித்து இழுத்து, சுருட்டி, வேன் சீட்டுக்கு அடியில் தள்ளினார். அப்புறம்தான் ஆளை வேனில் ஏற்றினோம். சிமெண்ட் சாக்கை விரித்து அதன் மேல் படுக்க வைத்தோம்.

பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது. வேன் அங்கே நிற்கவில்லை. நான் கத்தினேன். "அங்க நம்ம சைட்டத் தெரியும். பேசாம இரு" என்றார் பாஸ். ஹப்புத்தளை, பண்டாரவளை என்று அத்தனை வளைவும், ஒவ்வொரு வளைவுக்கும் மாமா அலறிக்கொண்டே, பதுளைக்கு வந்து சேர்ந்தோம். இடுப்பெலும்பு முறிந்த மனிதனை அந்த ரோட்டில் சாக்கு மேல் போட்டுக் கொண்டுவந்த பாவத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

வரும் வழியெல்லாம் பாஸ் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். "ஆஸ்பத்திரில பொலிஸ்காரன் வந்து கேப்பான். லயத்துக் கூரையில தகரம் மாத்துறப்ப விழுந்துட்டேன்னு சொல்லு. சைட்டுனு சொன்னா வேலைய நிப்பாட்டிருவானுக. ஒன்னால அத்தன பேரு வயித்துலயும் மண்ணு. நீ வாய மூடு, கம்பனி ஒன்னயப் பாத்துக்கும். நாம்பாத்துக்கிறேன்."

மாமா தலையை ஆட்டினார். வலியிலா, சரி என்றா, எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு உங்களுக்கும் வேண்டியிருக்கும், அதனால் சொல்கிறேன். வேலையில் அடிபட்டவருக்கு நட்டஈடு கேட்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது. நம்மைப் போல நடுவில் ஒரு பாஸ் மூலமாகப் போனவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் முதல் முதலாக எங்கே விழுந்தாய் என்று கேட்கும்போது நாம் சொல்கிற பதில்தான் கடைசிவரை நம் பின்னால் வரும். கட்டடத்தில் விழுந்தேன் என்றால் கேட்க ஒரு வழி உண்டு. லயத்துக் கூரையில் விழுந்தேன் என்றால் அது உன் கூரை, உன் கால், உன் தலையெழுத்து. இனி நடப்பாரோ மாட்டாரோ தெரியாத ஒரு மனிதர், அவர் பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், இவர்களுடைய சோறு அந்த ஒரு பதிலில் இருந்தது.

பொலிஸ்காரர் வந்தார். வயதான சார்ஜன். அவருக்குத் தமிழ் வராது, மாமாவுக்குச் சிங்களம் ஜோக்கு அடிக்கிற அளவுக்குத்தான் வரும். யாருக்கு இரண்டும் தெரியும் என்று கேட்டார். பாஸ் முன்னால் வருவதற்குள் நர்ஸ் என்னைக் கைகாட்டினார். அப்படித்தான் கட்டில் தலைமாட்டில் நான் நின்றேன். கால்மாட்டில் பாஸ் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கே விழுந்தீர்கள் என்று சார்ஜன் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "லயத்துல... கூரைக்குத் தகரம் மாத்துறப்ப" என்றார்.

நான் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. மாமாவிடமே, "மச்சான், நெசத்தச் சொல்லு" என்றேன்.

"டேய், அவரு சொன்னதச் சொல்றா. ஒன்னய யாரு வெசாரிக்கச் சொன்னா?" என்று பாஸ் பல்லைக் கடித்தார்.

"பாஸு வேல குடுத்த மனுசன்டா. அவருக்குப் போயி..." என்றார் மாமா. அந்த நிலையிலும் பாஸுக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதாம். நம் ஆட்களின் இந்த நன்றியை நினைத்தால் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. வேலை வாங்கினவன் நன்றி காட்டவில்லை, செய்தவன் படுத்துக்கொண்டு காட்டுகிறான்.

அந்த நேரத்தில் மாமாவின் பெண்சாதி, உங்கள் அத்தை, வந்துவிட்டார். மலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. வார்டு வாசலில் யாரோ அவரிடம் கூரைக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். நேரே பாஸுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எந்தக் கூரைண்ணே? எங்க லயத்துக் கூரையா? காலம்பற நான் அதுக்குக் கீழ நின்னுதான் ரொட்டி சுட்டேன். இவரு சனிக்கிழமைக்கு வர்றேன்னு ஒங்க வேன்லதான போனாரு? ஹல்துமுல்லையில இருந்த மனுசன் எங்க கூரையில வந்து எப்பிடி விழுவாரு? பறந்து வந்தாரா?"

"தங்கச்சி, ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதா?" அத்தை மாமாவின் கையைத் தூக்கிப் பிடித்தார். முழங்கை வரை சாந்து காய்ந்து வெள்ளையாகப் பிடித்திருந்தது. தலைமயிரிலும் இருந்தது. "தகரம் மாத்துனா கையில துருதான ஒட்டும்? இது என்னாண்ணே, மாவா?"

பக்கத்துக் கட்டில் கிழவர் ஒருவர் சிரித்துவிட்டார். சார்ஜனுக்குத் தமிழ் வராவிட்டாலும் அந்தக் கை புரிந்தது. பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தம்மா என்ன சொல்கிறார்? ஒன்றையும் விடாமல் சொல்லு."

பாஸ் என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். "ஒனக்கும் பிள்ள குட்டி இருக்கு. இனி எங்கிட்ட வேலைக்கு வரணும்ல? யோசிச்சு வாயத் தெற."

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒருவேளை பயந்திருப்பேன். அத்தை சொன்னது ஒவ்வொன்றையும் சொன்னேன், பறந்து வந்தாரா என்றதையும் மாவா என்றதையும்கூட. அப்புறம், நானும் அதே சாரத்தில் நின்றவன், நான் கண்ட சாட்சி, ஜாக்கெட் வேனில் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று என் கணக்கில் சேர்த்துச் சொன்னேன். சார்ஜன் மாமாவிடமே மறுபடி கேட்டார். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை அவர் கையை இன்னும் விடவில்லை.

"ஆமாங்க சார். கட்டடத்துல இருந்துதான்" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

அதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாள் என்னுடைய சாமான் எடுக்க சைட்டுக்குப் போனேன். சாரம் முழுக்கக் கயிறு. தூணுக்குத் தூண் புதுப் பெல்ட் தொங்கியது, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல். பரிசோதிக்க ஆள் வருகிறதாம். ஒரே ராத்திரியில் கிடைத்த கயிறு அதற்கு முந்தின நாள் எங்கே போயிருந்தது? நான் அங்கேயே நின்று கெட்ட வார்த்தையால் திட்டினேன். எந்த வார்த்தை என்று இங்கே எழுத மாட்டேன்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சங்க ஆபீஸ் இருக்கிறது. அங்கே இருக்கிற ஓர் அம்மா எங்களை உட்கார வைத்துத் தமிழில் விளக்கம் சொன்னார், கூடவே நட்டஈட்டு விசாரணைக்கும் வந்தார். விசாரணையில் கம்பனி ஆள், டை கட்டினவர், "இவர் எங்கள் தொழிலாளி இல்லை, பாஸுடைய ஆள்" என்றார். பாஸ் எழுந்து, "நான் யாருக்கும் முதலாளி இல்லீங்க, எல்லாரும் ஊருக்காரங்க, சேந்து போய் வேல செய்வோம், நானும் கூலிதான்" என்றார். பூசின சுவர் அங்கே நிற்கிறது. ஜன்னல் போட்டுத் திரைச்சீலை தொங்கப் போகிறது, வெள்ளைக்காரர்கள் வந்து அங்கே நின்று பள்ளத்தைப் படம் பிடிக்கப் போகிறார்கள். அந்தச் சுவரைப் பூசினவனுக்கு மட்டும் முதலாளி இல்லையாம். அப்படியென்றால் யார் வேலை கொடுத்தது, மூட்டமா?

விசாரணை இன்னும் முடியவில்லை. கூப்பிடுகிற ஒவ்வொரு தரமும் நான் சாட்சிக்குப் போகிறேன். அந்த மஹியங்கனைத் தம்பியும் வந்து சாட்சி சொன்னார், யாரும் வற்புறுத்தவில்லை. நம் தோட்டத்து ஆட்கள்தான் வரவில்லை. பாஸ் அவர்களுக்கு வேறு சைட் கொடுத்துவிட்டார். ஒருவன் பஸ்ஸில் என் முகத்துக்கு நேரே கேட்டான்: "ஒரு ஆளு விழுந்ததுக்கு நீ எல்லாரு சோத்துலயும் கைய வச்சிட்டியேண்ணே." நான் அவன் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. "நீ எந்த மாடியில நிக்கிற? பெல்ட்டு இருக்கா?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாஸிடமிருந்து எனக்குப் போன் வருவதில்லை. அதனால்தான் இப்போது பதுளை டவுனில் மதில், கக்கூஸ், படி என்று சில்லறை வேலை செய்கிறேன். வேலை இல்லாத நாளில் நான் வீட்டில் எரிந்து விழுவது உங்களுக்குத் தெரியும். அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. மாமாவின் இடுப்பை ஒடித்த ஆளுடைய பந்தியில் உட்கார்ந்து எனக்குச் சோறு இறங்காது. கல்யாணத்துக்குப் போகாதது அதற்குத்தான். மாப்பிள்ளை, பெண் இரண்டு பேர் மேலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றாக இருக்கட்டும்.

நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் சரி. உங்கள் காலைப் புகழ்ந்து, கையைப் புகழ்ந்து, தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் எதையும் தாங்கும் என்று யாராவது சொன்னால், சிரிக்க வேண்டாம். அந்த இடத்திலேயே கேளுங்கள், எனக்குத் தர வேண்டியதில் எதைப் பிடித்து வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறாய் என்று.

மாமா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். நடை என்று அதைச் சொல்ல முடியாது. லயத்துக்குப் பின்னால் கக்கூசுக்கு இறங்குகிற மண்படி செங்குத்து, மழைக்குச் சேறாகிவிடும். அத்தை மலைக்குப் போன பிறகு அவர் அந்தப் படியில் குந்திக் குந்தி, கையை ஊன்றி இறங்குகிறதை ஒரு தரம் பார்த்துவிட்டேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் கோயிலுக்குப் போனீர்களே, அப்போது நான் மேல் லயத்துக்குப் போனேன். யாரும் இல்லை. படியோரத்தில் குழி தோண்டி டர்பன்டைன் மரக் கம்பு நட்டு, கல் போட்டு இறுக்கி, மேலிருந்து கக்கூஸ் கதவு வரைக்கும் கைபிடி ஒன்று அடித்தேன். மேல் படியில் நின்று, அதை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கி என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. கீழ்க் கம்பில் ஓர் ஆணித் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கை கிழிக்கும். இறங்கிப் போய் அதையும் அடித்து உள்ளே இறக்கினேன்.